எட்டுத் தலைப்பா, எட்டுப் பிரதியா? ஒரு மலைக் கல்லூரி நூலகத்தின் கணக்கு

துறைத்தலைவர்களிடமிருந்து சிபாரிசுப் பட்டியல்கள் வந்து சேர்ந்ததும் எங்கள் நூலகக் குழுவில் வருடாவருடம் அதே வாக்குவாதம்தான். இருக்கிற பணத்தில் எட்டுப் புதுத் தலைப்புகளை ஒவ்வொரு பிரதியாக வாங்குவதா, பிள்ளைகள் போட்டிபோட்டுக் கேட்கும் ஒரே பாடநூலில் எட்டுப் பிரதி வாங்குவதா? அச்சுப் புத்தகமே எதற்கு, மின்நூல் சந்தா கட்டிவிடலாமே என்று மூன்றாவதாக ஒரு குரலும் கேட்கும். குன்னூர்ப் பக்கத்தில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலகர் நான். இந்த முறை எட்டுப் பிரதி பக்கம் சாய்ந்து, பணத்தில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கினோம். என் வோட்டும் அதற்குத்தான்.

தலைப்புகள் கூடினால் வாசிப்பு விரியும், பிரதிகள் கூடினால் காத்திருப்பு குறையும். இது எல்லோருக்கும் தெரிந்ததே. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும்போது தலைப்புகளின் எண்ணிக்கை கண்ணுக்கு நிறைவாக இருக்கும் என்பதும் உண்மை. கீழே கோயம்புத்தூரில் என்றால் விவாதம் இத்தோடு முடிந்துவிடும். இங்கே ஓதம், அதாவது காற்றிலும் சுவரிலும் ஏறும் ஈரம், என்று ஒன்று இருக்கிறது.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் தென்மேற்குப் பருவமழையில் ஓரளவு, அக்டோபரில் தொடங்கும் வடகிழக்கில் கனமாக என்று இரண்டு தவணை உண்டு. கூடலூர், பந்தலூர் நூலகங்களுக்கு ஜூன் முதலே அடைமழை. காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேலேயே நாள்கணக்கில் நின்று, காற்றோட்டமும் இல்லை என்றால் பூஞ்சை பிடித்துவிடும். பைண்டிங் பசை அதற்கு நல்ல தீனி. வழவழப்பான ஆர்ட் பேப்பரில் அச்சிட்ட தாவரவியல் படப் புத்தகம் நனைந்தால், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு செங்கல் போல ஆகிவிடும், பிரித்தால் கிழியும். மதுரையில் பத்து வருடம் யாரும் தொடாத புத்தகத்தைத் தட்டினால் தூசி பறக்கும், அவ்வளவுதான். இங்கே இரண்டு மழைக்காலம் யாரும் தொடவில்லை என்றால் அந்தப் புத்தகத்தின் கதை ஏறக்குறைய முடிந்தது.

புத்தக இருப்பைச் சரிபார்க்கும் ஸ்டாக் வெரிஃபிகேஷனில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கடைசிப் பக்கச் சீட்டில் தேதி முத்திரைகள் நெருக்கியடிக்கும் புத்தகங்கள் அழுக்காக இருக்கும், அட்டை தொங்கும், ஆனால் பூஞ்சை இருக்காது. அடிக்கடி திறந்து புரட்டுகிறார்கள், காற்றுப்படுகிறது. தேயிலை எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயன் வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்து அலமாரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறது என்றால் இன்னும் நல்லது! கிழிந்ததை பைண்டர் சரிசெய்து கொடுத்துவிடுவார். பூஞ்சை தின்றதை யாரும் மீட்டுத் தர முடியாது.

அதனால் நான் ஒரு புத்தகத்தின் விலையோடு அதன் பராமரிப்பையும் சேர்த்தே பார்க்கிறேன். அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளிப்போட வேண்டும். கண்ணாடிக் கதவு போட்ட பீரோ பார்க்க அழகு, ஆனால் உள்ளே ஈரம் அடைந்துகொள்ளும். முன்பெல்லாம் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடுவோம். அந்தச் சூடே போதும். இப்போது பெரும்பாலும் கிடைப்பது எல்இடி, அது குளிர்காய்வதற்குக்கூட ஆகாது. பாச்சை உருண்டை ராமபாணப் பூச்சியை விரட்டும், பூஞ்சையை ஒன்றும் செய்யாது. ஜனவரியில் வெயில் வந்ததும் உதவியாளர் மாஸ்க் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய்த் துடைக்க வேண்டும். யாரும் படிக்காத புத்தகத்துக்கும் இதே உழைப்புத்தான்.

படிக்காத புத்தகம் என்பது அரிதல்ல. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் 1969-ல் வாங்கிய புத்தகங்களை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, ஏறக்குறைய 40 சதவீதம் ஒருமுறைகூட இரவல் போகவில்லை. அங்கே அவை அலமாரியில் காத்திருந்தன. இங்கே காத்திருக்க முடியாது.

சரி, எது நகரும் என்று எப்படித் தெரியும்? கோஹா என்ற நூலக மென்பொருளில் இரவல் அறிக்கை எடுத்தால் பாதிதான் தெரியும். மேசையில் வைத்துப் படித்ததை எண்ண, படித்ததும் அலமாரியில் திருப்பி வைக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, மாலையில் மேசைமேல் கிடப்பதைக் குறித்துக்கொள்கிறோம். இவற்றைவிட நான் நம்புவது ஒரு சாதாரண நோட்டை. யாராவது கேட்டு, இல்லை என்று அனுப்பிய புத்தகங்கள் அதில் ஏறும். செமஸ்டர் பரீட்சை நெருங்கும்போது ஒரே தலைப்பு பக்கம் பக்கமாக நிற்கும். அதை வைத்துத்தான் எட்டா, ஐந்தா என்று முடிவுசெய்கிறோம். ஹட்டியிலிருந்தும் (படகர் ஊர்) எஸ்டேட்டிலிருந்தும் வரும் பிள்ளைகள் பலருக்குச் சொந்தப் பாடநூல் கிடையாது. மாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கவும் நேரமில்லை. அவர்கள் கையில் கொடுத்தனுப்பப் பிரதி இருக்க வேண்டும்.

இதிலும் ஓட்டை உண்டு. ஒற்றைப் பருவம் (1, 3, 5-ஆம் செமஸ்டர்) ஜூனிலிருந்து நவம்பர் வரை என்பதால் அந்தப் பாடநூல்கள் மழைக்காலத்தில் பிள்ளைகளிடம் இருக்கும். இரட்டைப் பருவ (2, 4, 6-ஆம் செமஸ்டர்) நூல்கள்தான் அத்தனை பிரதியோடும் மழையில் சும்மா நிற்கும். அவற்றை உள்ளறையில், ஓதம் ஏறாத சுவர்ப் பக்கம் மாற்றுகிறோம். பாடத்திட்டம் மாறினால் எட்டும் ஒரே நாளில் பழசாகும் என்பதற்கு என்னிடம் மருந்தில்லை.

ஒற்றைப் பிரதியை முழுக்க ஒதுக்கவில்லை. சிபாரிசுப் படிவத்தில் ‘எந்த வகுப்புக்கு, எந்தப் பருவத்தில்’ என்று ஒரு கட்டம் சேர்த்தோம். அதை நிரப்பி, அந்தப் புத்தகத்திலிருந்து அசைன்மென்ட்டும் கொடுக்கிற ஆசிரியர் கேட்டால் மறுபேச்சில்லாமல் வாங்குகிறோம். கட்டம் காலியாக வந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

மின்நூலைப் பொறுத்தவரை, கல்லூரி நூலகங்களுக்கு மின்நூலும் மின்னிதழும் தரும் இன்ஃப்ளிப்நெட் (INFLIBNET) மையத்தின் என்-லிஸ்ட் (N-LIST) சந்தாவை விடவே கூடாது. எங்களைப் போன்ற கல்லூரிக்கு ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு 5,900 ரூபாய்தான். அந்த விலைக்கு இரண்டு மூன்று வெளிநாட்டுப் புத்தகம்கூட வராது. பூஞ்சையும் பிடிக்காது. ஆனால் தமிழ்வழி மாணவருக்கு அதில் தேறுவது குறைவு. தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இலவசமாகவே இருக்கிறது. 2025-ல் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்களை அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது, நல்ல விஷயம்தான். பி.காம் முதலாண்டுப் பிள்ளைக்கு வேண்டியது ஆய்விதழ் இல்லையே. தனியார் மின்நூல் தொகுப்பைச் சோதனைக் காலத்தில் மட்டும் பார்த்தோம், அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்தில் எத்தனை பேர் திறக்கலாம், சந்தாவை நிறுத்தினால் என்ன மிஞ்சும் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மண்சரிவில் கேபிள் அறுந்தால் இங்கே இணையம் எப்போது திரும்பும் என்பது வேறு கதை.

எட்டுப் பிரதி என்ற முடிவுக்கு ஒரேயொரு விதிவிலக்கு, வருமான வரிப் பாடநூல். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் கணக்கு மாறும் பாடம் அது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டுப் புதுச் சட்டமும் வந்து, 2026 ஏப்ரல் 1 முதல் அமல். அதில் இரண்டு பிரதிக்கு மேல் வாங்குவதில்லை. பழைய பதிப்புகளை ரைட் ஆஃப் செய்து, அதாவது கணக்கிலிருந்து நீக்கி, அலமாரியைக் காலிசெய்துவிடுகிறோம்.