ஏரிக்கும் சோபாவுக்கும் நடுவே

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்துக்கு எதிரே, நான்காம் மாடி. குடிவந்து ஐந்து வருடம். போன வாரம் பால்கனிக் கதவு பாதியில் நின்றுவிட்டது. பழுதுபார்க்க வந்த தம்பி மண்டியிட்டு, கதவு ஓடுவதற்காகத் தரைக்குள் பதித்திருந்த டிராக்கை ஸ்குரூடிரைவரால் கிளறினார். ஈரமான டீத்தூள் மாதிரி கறுப்புக் கட்டி வந்தது.

"அழுக்கா?"

"இல்லண்ணே, பூச்சி. நல்லாப் பாருங்க, றெக்கை தெரியுது."

வீட்டை வடிவமைக்கும்போது எங்களுக்கு ஒரே பிடிவாதம்: ஏரிக்கும் சோபாவுக்கும் நடுவே எதுவும் நிற்கக்கூடாது. ஹாலில் போட்ட அதே சாம்பல் நிறக் கல்லைப் பால்கனி வரை ஓடவிட்டோம், நடுவில் படி இல்லை. கதவை மடித்துத் தள்ளினால் தரையே தண்ணீரில் போய் முடிவதுபோல் இருக்கும். அதில் குறை சொல்லவே மாட்டேன். வடக்கு பார்த்த வீடு என்பதால் மாலை வெயிலும் பெரிதாக உள்ளே வராது. ஒரு காலத்தில் மணல் தோண்டிய பள்ளம்தான் இந்த ஏரி என்றால் வருகிறவர்கள் நம்புவதில்லை.

தொல்லையெல்லாம் இருட்டிய பிறகுதான். ஏரியின் அடிச்சேற்றில் புழுவாகக் கிடந்து, றெக்கை முளைத்ததும் வெளிச்சத்தைத் தேடிக் கிளம்பும் சிறு பூச்சிகள். பார்க்கக் கொசு, ஆனால் கடிக்காது. சில நாளில் செத்துவிடும். (வண்ண மீன் கடையில் தீனியாக விற்கும் இரத்தப் புழு இந்த இனத்துடையதுதான். இது தெரிந்த நாளிலிருந்து என் மகன் மீன்தொட்டிப் பக்கமே போவதில்லை.) வருடம் முழுக்க வராது. வந்தால் சுவர், திரை, சாம்பார்க் கிண்ணம் எல்லாம் கறுப்புப் புள்ளி.

சரி, கதவைச் சாத்தி விளக்கைப் போட்டால்? கண்ணாடியில் ஏரி போய்விடும், நாங்கள் தெரிவோம். டிவி, துணி காயப்போட்ட ஸ்டாண்டு சகிதம். இத்தனை பணம் கொட்டி, ராத்திரியில் என் தொப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விளக்கை எங்கே வைப்பது என்று யாரும் யோசிக்கவில்லை. வடிவமைப்பாளர் காட்டிய மாதிரிப் படங்கள் எல்லாமே பகலில் எடுத்தவை. கூரையில் பன்னிரண்டு ஸ்பாட் லைட்! இப்போது ஏழு மணிக்கு மேல் அவற்றை அணைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் தாழ்வாக ஒரு மஞ்சள் விளக்கு மட்டும். பூச்சி குறைந்தது. ஏரியும் திரும்பி வந்தது. எதிர்க்கரை விளக்குகள் தண்ணீரில் நீளநீளமாகக் கிடக்கும். கரையில் ஓடுகிறவர்களின் காலணிப் பட்டை பளிச்சென்று மின்னி மறையும். "யாரு அங்க இருட்டுல?" என்று மனைவி சமையலறையிலிருந்து கத்துவதையும் சேர்த்து, அந்த அரைமணி நேரத்துக்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கதவின் புதுச் சக்கரத்துக்கும் பழுதுபார்த்த கூலிக்கும் 280 வெள்ளி. ஏரி பார்த்த வீடு வாங்கலாமா என்று ஒரு நண்பன் கேட்டிருந்தான். தம்பி கிளம்பிய சூட்டோடு பதில் போட்டேன்: வாங்காதே. மீறி வாங்கினால் டிராக்கைத் தரையில் புதைக்காதே, அரை அங்குலம் மேலே விடு, வாரம் ஒரு தடவை வேக்குவம் பிடி.

மறுநாள் அவன் சாலையைப் பார்த்த வீடு ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொன்னான். பாவமாக இருந்தது.