ஆன்லைன் குழுவா, வாட்ஸ்அப் குழுவா, ஆஸ்பத்திரிக் கூட்டமா? மார்பகப் புற்றுநோய் வந்த பெண்களின் மனசுக்கு எது துணை

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து உடம்பைக் கவனிக்க ஆட்கள் வரிசையாக இருக்கிறார்கள். சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், டிரெஸ்ஸிங் மாற்றும் நர்ஸ். மனசைக் கவனிக்க யார் என்று கேட்டால் பெரும்பாலான வீடுகளில் பதில் இருக்காது. "தைரியமா இரு, எல்லாம் சரியாயிடும்" என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கம் வராமல் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது போதாது.

இன்று போன் வழியாகவே துணை தேட முடிகிறது. வழிகள் பல. எல்லாவற்றையும் 'சப்போர்ட் குரூப்' என்றே சொல்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நிறைய தூரம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் ஆரம்ப நிலை, மனசு கலங்கிக் கிடக்கிறது, ஆஸ்பத்திரியோ தூரம் என்றால், பயிற்சி பெற்ற ஆலோசகர் நடத்துகிற, ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்தில் முடிகிற சின்ன ஆன்லைன் குழுதான் என் தேர்வு. ஏன் என்று பார்ப்போம். யாருக்கு அது சரிவராது என்பதையும் சேர்த்தே பார்ப்போம்.

நேரில் கூடும் குழு

இருப்பதிலேயே பழைய வழி இதுதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல், நோய் உடம்பில் பரவிவிட்ட 86 பெண்களிடம் செய்த ஆய்வை 1989-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் என்று ஒரு வருடம் கூடிப் பேசினார்கள். குழுவுக்கு வந்தவர்கள் சராசரியாக 36.6 மாதம் உயிரோடு இருந்தார்கள், வராதவர்கள் 18.9 மாதம். மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் 2001-ல் கனடாவில் பமீலா குட்வின் தலைமையில் 235 பெண்களிடம் இதே முறையைச் சோதித்தபோது, குழுவில் இருந்தவர்களுக்கு 17.9 மாதம், இல்லாதவர்களுக்கு 17.6 மாதம். ஆயுள் கூடவில்லை. 2007-ல் ஸ்பீகலே மறுபடி செய்து பார்த்தார். ஒட்டுமொத்தமாக அப்போதும் கூடவில்லை.

அதற்காகக் குழு வீண் என்று ஆகிவிடாது. குட்வின் ஆய்வில் மன வேதனை குறைந்தது, வலியும் சற்று மட்டுப்பட்டது. அதிலும் ஆரம்பத்திலேயே அதிகம் நொந்துபோயிருந்தவர்களுக்குத்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. ஆகவே "குரூப்பில் சேர்ந்தால் ஆயுள் கூடும்" என்று யாராவது சொன்னால் அந்தக் குழுவை விட்டுத் தள்ளியே இருங்கள். அப்படிச் சொல்வது ஆபத்தும்கூட. நாளைக்கு நோய் திரும்பி வந்தால், 'நான்தான் மனசைத் திடமா வச்சுக்கலையோ' என்று அந்தப் பெண் தன்னையே நொந்துகொள்வாள். ஏற்கெனவே சுமப்பதே அதிகம், இந்தப் பழியும் அவளுக்கு வேண்டாம்.

நேரில் கூடுவதில் இருக்கும் சிக்கல் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லாமலே புரியும். 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் நோயாளிகளின் மனநலத்துக்கென்றே தனித் துறை இருக்கிறது. ஆனால் ராமநாதபுரத்திலிருந்தோ தருமபுரியிலிருந்தோ மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோவுக்கு வருவதற்கே பஸ், துணைக்கு ஓர் ஆள், அவருடைய ஒருநாள் கூலி என்று எல்லாம் கணக்கு. இதில் வாராவாரம் பேசுவதற்காகத் தனியாக வா என்றால் எப்படி வருவார்கள்? ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வீடு இருந்து, அங்கே குழுவும் நடந்தால் தாராளமாகப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் இருப்பதை எந்தத் திரையும் தந்துவிடாது.

வாட்ஸ்அப் குழு

பெரும்பாலானவர்கள் முதலில் வந்து சேரும் இடம் இது. யாரோ ஒருவர் லிங்க் அனுப்புவார், தொட்டால் உள்ளே போய்விடலாம். காசில்லை, காத்திருக்க வேண்டியதில்லை. என் அக்கா அப்படி ஒரு பெரிய குழுவில் இருந்தாள். அங்கே நல்லது நடந்ததையும் பார்த்தேன். முதல் கீமோவுக்கு முந்தின நாள் முன்பின் தெரியாத ஓர் அம்மா வாய்ஸ் மெசேஜ் போட்டிருந்தார்: "சிவப்பு மருந்து ஏத்துன அன்னிக்கு ஒண்ணுக்கு செவப்பாப் போகும்மா, ரத்தம்னு நினைச்சு பயந்துடாத." டாக்சோரூபிசின் ஏற்றினால் அப்படித்தான், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளிலும் அது இருந்தது. ஆனால் அக்கா மனசில் நின்றது அந்த அம்மாவின் குரல்தான்.

அதே குழுவில் ஒரு ராத்திரி ஒரு போட்டோ வந்தது. குழுவில் இருந்த ஒருவர் இறந்துவிட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அதற்கும் கீழே, கொஞ்ச நேரத்திலேயே, முள் சீத்தாப்பழம் சாப்பிட்டால் புற்றுநோய் கரைந்துவிடும் என்று ஒரு வீடியோ. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அவங்களுக்கும் என் ஸ்டேஜ்தான் பாப்பா" என்றாள். அன்று அவளிடம் பேச அந்தக் குழுவில் யாரும் இல்லை. இருநூறு பேர் இருந்தும், அதைப் பார்த்துக்கொள்வது தன் வேலை என்று நினைக்க அங்கே ஒருவரும் இல்லை.

வாட்ஸ்அப் குழுவின் குறை அதுதான். ஆட்கள் கெட்டவர்கள் இல்லை, பொறுப்பாளர் இல்லை, அவ்வளவே. கெட்ட செய்தி எந்த நேரத்திலும் வரும், யாருக்கு வேண்டுமானாலும் வரும். உங்கள் நம்பர் எல்லாருக்கும் தெரியும். பப்பாளி இலைச் சாறு, சர்க்கரையை நிறுத்தினால் கட்டி செத்துவிடும் என்பது போன்ற செய்திகளைத் தடுக்க ஆள் இருக்காது. அதை நம்பிக் கீமோவைப் பாதியில் விட்டால் உயிருக்கே ஆபத்து. தகவல் கேட்கவும், விக் எங்கே கிடைக்கும், பிரா எங்கே தைப்பார்கள் என்று விசாரிக்கவும் வாட்ஸ்அப் போதும். மனசுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள்.

குறுகிய கால ஆன்லைன் குழு

இது பூட்டிய குழு. ஏழெட்டுப் பேர், கொஞ்சம் கூடலாம். தொடங்கிய பிறகு புது ஆட்களைச் சேர்ப்பதில்லை. நாள், நேரம் எல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், முடியும் நாளும் தெரியும். ஆலோசகர் முதல் நாளே விதிகளைச் சொல்வார்: ரெக்கார்ட் செய்யக் கூடாது, ஸ்கிரீன்ஷாட் கூடாது, இங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அடுத்தவர் மருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு நாள் பெரும்பாலும் இப்படிப் போகும். முதலில் ஒவ்வொருவராக இந்த வாரம் மனசு எப்படி இருந்தது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் சொல்வார்கள். அப்புறம் அன்றைய விஷயம். உதாரணத்துக்கு, செக்கப் ஸ்கேனுக்கு முந்தைய வாரப் பயம். ரிப்போர்ட் வரும் வரையான நாட்களில் என்ன செய்வது, யாரிடம் சொல்வது, இணையத்தில் தேடாமல் இருப்பது எப்படி என்று ஒவ்வொருவரும் தனக்கென ஒரு வழி எழுதிக்கொள்வார்கள். கடைசியில் சிறிது மூச்சுப் பயிற்சி.

இதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, ஆனால் மலையளவு இல்லை. 2003-ல் ஆன்ட்ரூ வின்செல்பெர்க் குழுவினர் 72 பெண்களிடம், மனநலம் படித்தவர் நடத்திய 12 வார இணையக் குழுவைச் சோதித்தார்கள். மனச்சோர்வும் அழுத்தமும் குறைந்தன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2017-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு இத்தகைய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, ஆதாரம் இன்னும் பலவீனம் என்றே சொன்னது. அதை மறைக்க நான் விரும்பவில்லை. இருந்தும் இதைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன் என்றால், மற்ற வழிகள் எட்டாத பெண்ணுக்கு இது எட்டும் என்பதால்தான்.

குழுவுக்குள் என்ன நடக்கிறது என்பது, குழு ஆன்லைனா நேரிலா என்பதைவிட முக்கியம். விக்கி ஹெல்கெசன் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் 312 பெண்களுக்கு எட்டு வாரக் குழுக்கள் நடந்தன. நோய், சிகிச்சை, உடம்பைப் பார்த்துக்கொள்ளும் விதம் ஆகியவற்றைச் சொல்லித்தந்த குழுக்களுக்குப் பலன் இருந்தது. தங்களுக்குள் பேசிக்கொள்வது மட்டுமே நடந்த குழுக்களுக்கு அது இல்லை. இன்னும் ஆழமாகப் பார்த்தபோது, வீட்டிலும் டாக்டரிடமும் ஆதரவு கிடைக்காத பெண்களுக்கு அந்தப் பேச்சுக் குழு உதவியது. ஏற்கெனவே நல்ல ஆதரவு இருந்தவர்களுக்கோ அது பாதகமாகக்கூட இருந்தது. கணவரும் அம்மாவும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் பெண்ணை, எல்லாரும் சேர்கிறார்களே என்று குழுவில் தள்ளிவிடாதீர்கள்.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 2014-ல் ஸ்டீபன் லெபோர் குழுவினர், மனம் சோர்ந்திருந்த 184 பெண்களை இரண்டு வகை ஆன்லைன் குழுக்களாகப் பிரித்தார்கள். இரண்டுக்குமே ஆறு வாரம், வாரம் ஒன்றரை மணி நேரம் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதிப் பேசும் அரட்டை. ஒரு வகையில் மட்டும், மற்றவர்களுக்கு உதவுங்கள் என்று கூடுதலாக ஊக்கப்படுத்தினார்கள். உதவினால் தன் மனசும் லேசாகும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. அவர்கள் அதிகம் உதவினார்கள், ஆனால் அவர்களுடைய மனச்சோர்வும் பதற்றமும்தான் மற்ற குழுவைவிட அதிகமாக இருந்தன. நம் வீட்டுப் பெண்களை நினைத்தால் இது எனக்கு ஆச்சரியமாக இல்லை. கீமோ முடிந்து வந்த சாயங்காலமே அடுப்படியில் நிற்பவளுக்கு, குழுவுக்குள்ளும் அடுத்தவரைத் தேற்றும் வேலை வேண்டாம். "என்னால முடியல" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்க இடம் கொடுக்கும் குழுதான் நல்ல குழு.

எழுத்தா, வீடியோவா? மேலே சொன்ன இரண்டு ஆன்லைன் ஆய்வுகளும் எழுத்தில் நடந்தவை. எழுத்தில் முடி கொட்டிய தலையை யாரும் பார்க்க மாட்டார்கள், அடுத்த அறையில் இருக்கும் மாமியார் காதிலும் விழாது. ஆனால் ஐம்பத்தைந்து வயது அம்மா தமிழில் தட்டி முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். அக்குளில் நெறிக்கட்டி எடுத்த பிறகு கை வீங்கியிருந்தால் தட்டுவதும் சிரமம். வீடியோவில் பேசுவது சுலபம். யார் வாய் திறக்கவே இல்லை என்பதும் ஆலோசகர் கண்ணில் படும். தமிழ்ப் பெண்களுக்கு வீடியோதான் என் தேர்வு, கேமராவை அணைத்துக்கொள்ள அனுமதி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரே அறை வீட்டில் இருப்பவருக்கு மட்டும் எழுத்தோ, மொட்டை மாடியில் நின்று பேசும் குரல் அழைப்போ பொருந்தலாம்.

தானே படிப்பது, தனியாகப் பேசுவது

நெதர்லாந்தில் சிகிச்சை முடிந்த 150 பெண்களுக்கு 'பிரெத்' என்ற நான்கு மாத இணையப் பயிற்சியைக் கொடுத்தார்கள். ஆலோசகர் இல்லை, தானே படித்துச் செய்ய வேண்டும். மன வேதனை குறைந்தது, ஆனால் அந்தப் பலன் நீடிக்கவில்லை. கூச்சம் அதிகம் உள்ளவர்களுக்கு ஒரு தொடக்கமாக இது சரி.

தனியாகப் பேச 14416 இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் இது, 24 மணி நேரமும் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. புற்றுநோய்க்கென்று உள்ள எண் அல்ல. ஆனாலும் வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் எந்தக் குழுவுக்காகவும் காத்திருக்காமல் முதலில் இங்கே கூப்பிடுங்கள், உங்கள் டாக்டரிடமும் சொல்லுங்கள்.

நோய் பரவியவர்களுக்கு

நான்காம் நிலையில் இருப்பவர்களுக்கு நான் இந்தக் குறுகிய காலக் குழுவைச் சொல்ல மாட்டேன். அவர்கள் பேச வேண்டியது மரணம், வலி, பிள்ளைகளின் எதிர்காலம். ஆரம்ப நிலையில் இருப்பவர்கள் நடுவில் அதைப் பேசினால் அவர்கள் பயந்துவிடுவார்களோ என்று இவர் வாயை மூடிக்கொள்வார். குழுவில் ஒருவர் இறந்துபோனால் அதைத் தாங்கிப் பேச சில வாரம் போதாது. ஸ்பீகல் தன் குழுக்களை ஒரு வருடம் நடத்தியது அதனால்தான் என்று நினைக்கிறேன். இவர்களுக்கு முடிவுத் தேதி இல்லாத, இவர்களுக்கென்றே தனியான குழு வேண்டும். ஆன்லைனில் நடந்தாலும் பரவாயில்லை.

எந்தக் குழுவில் சேர்வதாக இருந்தாலும் நடத்துபவரிடம் சில கேள்விகள் கேட்டுவிடுங்கள். நீங்கள் என்ன படித்திருக்கிறீர்கள்? எந்த நிலையில் இருப்பவர்களை ஒன்றாக உட்கார வைக்கிறீர்கள்? கீமோ வாரத்தில் வர முடியாவிட்டால் பரவாயில்லையா? கடைசி வாரத்துக்குப் பிறகும் முடியவில்லை என்றால் யாரிடம் அனுப்புவீர்கள்? நடுவில் ஒருவர் அழுதுகொண்டே போனை வைத்துவிட்டால் அன்றைக்கே அவரைக் கூப்பிட்டுப் பேசுவீர்களா? கடைசிக் கேள்விக்கு உறுதியான பதில் வராத குழு வேண்டாம்.