பட்டா மாறுதல் மறுப்பு: கோட்டாட்சியரிடம் மேல்முறையீடா, ரிட் மனுவா?

எதைப் பார்ப்பார்கள்?
மேல்முறையீடு: பத்திரம், வில்லங்கச் சான்று, அனுபோகம் எல்லாவற்றையும் புதிதாக ஆராய்ந்து உத்தரவையே மாற்றலாம்.
ரிட் (அரசமைப்புச் சட்டப் பிரிவு 226-இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் போடும் மனு): முடிவெடுத்த முறையை மட்டும். உச்ச நீதிமன்றத்தின் 1994 டாடா செல்லுலார் தீர்ப்பின் சாரம் இதுதான். நோட்டீஸ் இல்லை, காரணம் எழுதவில்லை, அதிகாரமே இல்லை என்றால் உத்தரவு ரத்தாகும். ஆனால் கோப்பு பெரும்பாலும் பட்டாவை மறுத்த அதே வட்டாட்சியரிடம் திரும்பும். வழக்கில் வென்றும் பட்டா கைக்கு வராதது இதனால்தான்.

செலவு
முன்னதற்கு வக்கீல் கட்டாயமில்லை.
பின்னதற்கு சென்னை அல்லது மதுரை அலைச்சல், வக்கீல் கட்டணம்.

பட்டா கேட்ட மனுவுக்குப் பதிலே இல்லையா? ரிட்தான். 'இத்தனை வாரத்துக்குள் முடிவெடு' என்பார்கள். 'பட்டா கொடு' என்பது அரிது.

நிலம் யாருடையது என்பதே தகராறென்றால் இரண்டும் வீண். சிவில் வழக்குப் போடுங்கள்.