ஆப்பா, ஸ்ட்ரிப்பா, தெர்மாமீட்டரா? ஷிப்டு வேலைக்குப் போறவங்களுக்கு எது ஒத்து வரும்

போன்ல இருக்குற பீரியட் ஆப் பச்சை வட்டம் போட்டு காட்டுதேன்னு குழந்தைக்கு முயற்சி பண்றதுக்கு அந்த நாளுக்காக காத்துகிட்டு இருக்குறவங்க படாங் செராய்ல எங்க தாமான்லயே நெறைய பேரு, ஆனா அது உங்க உடம்ப பாக்கல லா, பழைய தேதிய வச்சி கணக்கு போடுது அவ்ளோதான். முட்டை வெளியாகுறது அடுத்த பீரியட்டுக்கு சுமார் 14 நாளைக்கு முன்னாடி, 28 நாள் சுழற்சின்னா 14வது நாள் பக்கம் வரும், 35 நாள்காரங்களுக்கு 21வது நாள் பக்கம் போயிடும். "பதினாலாம் நாளு, மறந்துடாத"ன்னு பெரியவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்றது இங்கதான் உதைக்குது. மாசா மாசம் தேதி ஒழுங்கா வர்றவங்களுக்கு ஆப் ஓகே, முன்ன பின்ன ஆகுறவங்க அத நம்பி உக்காந்துடக் கூடாது.

முட்டைக்கு ஆயுசு 12லேருந்து 24 மணி நேரம்தான், விந்தணு உள்ள 5 நாள் வரைக்கும் உயிரோட இருக்கும். அதனால முட்டை வர்றதுக்கு முந்தின 2 நாளுதான் ரொம்ப முக்கியம், வந்த பிறகு தெரிஞ்சி என்ன பண்றது?

தெர்மாமீட்டர் எனக்கு பிடிக்காம போனதுக்கு காரணம் அதான். முட்டை வெளியானதும் உடம்பு சூடு 0.2லேருந்து 0.5 டிகிரி செல்சியஸ் ஏறும், அதாவது முடிஞ்ச கதைய சொல்லுது. தெனம் ஒரே நேரத்துல, படுக்கைய விட்டு எழும்புறதுக்கு முன்னாடி பாக்கணும், நல்லா தூங்கியும் இருக்கணும். விடியறதுக்குள்ள பெரட்டுக்கு (ஆள் கணக்கு எடுக்குற எடத்துக்கு) போற தோட்டத்து அக்காங்களுக்கு சார்ட் அழகா வரும், ஆனா இந்த வாரம் பகல் அடுத்த வாரம் நைட்டுன்னு கூலிம் பாக்டரி பஸ் ஏறுறவங்களுக்கு கோடு தாறுமாறாத்தான் போகும், காசு தண்டம்.

ஸ்ட்ரிப் அப்படியில்ல. முட்டைய வெளியாக வைக்கிற எல்எச் ஹார்மோன் திடீர்னு ஏறுறத மூத்திரத்துல பிடிக்குது, அது ஏறி 24லேருந்து 36 மணி நேரத்துல முட்டை வரும், அதனால முன்கூட்டியே தகவல் கெடைச்சிடுது. கர்ப்ப டெஸ்ட் மாதிரி லேசா ரெண்டாவது கோடு தெரிஞ்சாலே பாசிட்டிவ்னு நெனைக்காதீங்க, டெஸ்ட் கோடு பக்கத்துல இருக்குற கன்ட்ரோல் கோட்டு அளவுக்கு, இல்ல அதவிட அழுத்தமா இருக்கணும். பாக்டரில ஏர்கான்ல தாகமே எடுக்காது, ஆனா பிரேக் வந்ததும் ஒரு பாட்டில் தண்ணிய மடமடன்னு குடிச்சிட்டு நேரா டாய்லெட்டுக்கு போய் டெஸ்ட் பண்ணா கோடு வெளுத்துதான் தெரியும், 2 மணி நேரம் முன்னாடியே தண்ணிய கொறைச்சிக்கணும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி பிரச்சனை) உள்ளவங்களுக்கு எல்எச் எப்பவுமே கொஞ்சம் ஏறியே இருக்கலாம், ஸ்ட்ரிப் சும்மா சும்மா பாசிட்டிவ் காட்டி ஏமாத்தும், அவங்க ஸ்கேன் பக்கம் போறது நல்லது. சினைப்பைக்குள்ள முட்டை இருக்குற சின்ன பை 18லேருந்து 24 மில்லிமீட்டர் வரைக்கும் வளர்றத டாக்டர் ஸ்கிரீன்லயே காட்டிடுவாங்க, ஆனா ஒரே மாசத்துல பல தடவ போகணும், லீவு யாரு குடுக்குறா?

காசே இல்லாம ஒன்னு இருக்கு, வெக்கத்துல யாரும் பேசுறதில்ல. வெள்ளைப்படுறது முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு, ரெண்டு விரல்ல இழுத்தா கம்பி மாதிரி நீளுதுன்னா அதான் நேரம். ஷிப்டு மாறுனாலும் இத பாத்துக்கலாம். நான் சொல்றது, இத பாத்ததும் ஸ்ட்ரிப்ப எடுங்க, ரெண்டும் சேந்தா போதும், ஆப்புல பீரியட் தேதிய மட்டும் குறிச்சி வைங்க.

35 வயசுக்குள்ளன்னா ஒரு வருஷம், 35 ஆச்சுன்னா 6 மாசம் முயற்சி பண்ணிட்டு டாக்டர்கிட்ட போயிடணும். மலேசிய அரசாங்கத்தோட குடும்ப மேம்பாட்டு வாரியம் எல்பிபிகேஎன் நடத்துற கிளினிக் நூர் செஜாத்ராவுல குழந்தையின்மைக்கு பாக்குறாங்க. போறப்ப வீட்டுக்காரரையும் இழுத்துகிட்டு போங்க, பொண்ணு மட்டும் ஸ்ட்ரிப் ஸ்ட்ரிப்பா கிழிச்சிகிட்டு இருக்க, அவரு கோப்பிக்கடையில உக்காந்திருந்தா எப்படி? விந்து டெஸ்ட்டுக்கு 2லேருந்து 7 நாள் உறவு இல்லாம இருக்கணும், அத முன்னாடியே சொல்லி வச்சிடுங்க.