ஹெரால்டு: பழையபடி மீட்பதா, மாற்றிக் கட்டுவதா?

காட்பாடியில் எங்கள் மெக்கானிக் பாயின் பட்டறையில் இரண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பழைய கார்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒன்று மாமாவுடையது. இரண்டு கதவு வண்டி, கம்பெனியிலிருந்து வந்தபடியே மீட்டுக்கொண்டிருக்கிறோம். இன்னொன்று நண்பனுடையது. கூரையை அறுத்துத் திறந்த வண்டியாக்கி, மாருதி ஜிப்சி எஞ்சினை இறக்கியிருக்கிறான். ஒன்றரை வருஷமாக இரண்டு வேலையையும் கூடவே நின்று பார்க்கிறேன், இரண்டையும் ஓட்டியும் பார்த்துவிட்டேன்.

ஹெரால்டை நான் ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில்தான் வைத்துப் பேசுவேன். அது எப்படி என்று கேட்பவர்கள் உண்டு. 1962ல் இங்கிலாந்தில் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார், ஹெரால்டின் பாகங்களை வைத்துக் கட்டப்பட்டதுதான். இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டுதான் 1961 முதல் மெட்ராஸில் தயாராகி நம் ரோட்டுக்கு வந்தது. 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும். வேலூர் லாங்கு பஜாரில் இன்றைய சின்னக் கார்களே திணறுகிற இடத்தில் மாமா ஒரே வளைப்பில் திருப்பிக்கொண்டு வருவார்.

முதலில் எஞ்சின். ஹெரால்டில் 948 சிசி, ஒற்றைக் கார்புரேட்டரில் ஏறக்குறைய 35 குதிரைத்திறன். ஜிப்சியின் இன்ஜெக்ஷன் எஞ்சின் 1298 சிசி, 80 குதிரைத்திறன். ஆம்பூர் வரை நெடுஞ்சாலையில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் சொல்லவே வேண்டாம். மாமா வண்டி 70ல் நிம்மதியாக ஓடும், அதற்கு மேல் அதை விரட்ட எனக்கு மனசு வராது. நண்பன் வண்டி லாரிகளைத் தாண்டிப் பறக்கிறது. காலையில் ஒரே சாவியில் கிளம்பவும் செய்கிறது. நெடுஞ்சாலையோடு நிறுத்திக்கொண்டால் மாற்றிக் கட்டியதற்குத்தான் என் ஓட்டு.

ஆனால் நண்பன் வண்டியில் ஏலகிரி ஏறினோம். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த 14 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது ஒரு வளைவில் வேகம் கூடிவிட்டதென்று ஆக்ஸிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன். பின்பக்கம் மேலே எழும்பியது, வெளிப்பக்கச் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்குவது போல இழுத்தது. வயிற்றைப் பிசைந்துவிட்டது. இது ஹெரால்டின் ‘ஸ்விங் ஆக்ஸில்’ குணம். பின்னால் குறுக்கே ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங், அரை அச்சுகள் இரண்டும் நடுவிலிருந்து தனித்தனியாக ஆடும். பாரம் குறைந்ததும் சக்கரம் சாய்ந்துவிடும். 35 குதிரைத்திறனில் அந்த வேகத்துக்கு எளிதில் போகவே மாட்டோம், 80ல் போய்விடுகிறோம். நம் ஊர்க்காரர்களுக்கு இந்த அச்சு பிடிக்காததால்தான் ஸ்டாண்டர்டு கம்பெனியிலிருந்தே 1972ல் வந்த கெஸல் காரில் அதே 948 எஞ்சினை வைத்துக்கொண்டு பின்னால் முழு அச்சு போட்டார்கள். அதனால் எஞ்சினை மாற்ற நினைப்பவர்கள் முதல் ரூபாயைப் பின் அச்சுக்கும் முன் பிரேக்குக்கும் ஒதுக்குங்கள். நண்பன் எஞ்சினில் ஆரம்பித்தான், இப்போது திரும்ப அச்சுக்கு வந்து நிற்கிறான்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற சங்கதி ஒன்று இரண்டு வண்டிக்கும் பொது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துக் கம்பியின் அடிமுனை மரை போட்டு ஒரு ட்ரன்னியன் கட்டைக்குள் உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு கியர் ஆயில், 90 ஆயில் விட வேண்டும். நம் பட்டறைகளில் நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் அடித்துவிடுவார்கள். பாய் மாமா வண்டியில் கழற்றிக் காட்டியபோது உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகிக் கிடந்தது. அதைச் சுரண்டினால் அடியில் மரை முழுக்கத் துரு. “தம்பி, இது ஒடிஞ்சா சக்கரம் வண்டிக்குக் கீழ படுத்துக்கும்” என்றார். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டோம். ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் பெயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள். முன்பக்கம் முழுசும் ஒரே மூடியாக முன்னால் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

வெயிலில் ஒரிஜினல் வண்டி தோற்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. கத்திரி வெயிலில் கிரீன் சர்க்கிள் சிக்னல் நெரிசலில் மாட்டினால், வண்டிக்குள் இருக்கிற பம்ப்பிலேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப்பில் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஜிப்சி எஞ்சினுக்கு அந்தத் தொல்லை இல்லை. எரிபொருளும் மாறிவிட்டது. 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றுபோனது, இப்போது 20 சதவீதம் எத்தனால். ஈயம் இல்லாததற்கு எஞ்சின் ஹெட்டில் கெட்டியான வால்வு சீட், எத்தனாலுக்கு அதைத் தாங்கும் ஹோஸ், புது பம்ப் டயாஃப்ரம் மூன்றும் போட்டாக வேண்டும். வெளியே ஒன்றும் தெரியாது. இதை மாற்றம் என்று நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

சீட்டு விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை. பழைய வடார்க்காடு முழுக்கத் தோல் ஊர்கள்: ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. நண்பன் போட்ட தோல் சீட்டைத் தொட்டால் கையை எடுக்க மனசு வராது. ஆட்டுத்தோல் சின்னது, தையல் கூடும். மாட்டுத்தோலாகக் கேட்டு வாங்குங்கள். மாமாவுக்குப் பழைய மாதிரி ரெக்சின்தான். வெயிலில் நிறுத்துகிற வண்டிக்கு அதுவே போதும்.

பேப்பர் விவகாரத்தில் எச்சரிக்கை தேவை. கம்பெனி வடிவத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எஞ்சின் மாற்ற ஆர்டிஓ அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிக்கு 2021ல் வந்த விண்டேஜ் பதிவில் ‘விஏ’ நம்பர் வாங்கலாம், ஆனால் அது பெரிதாக மாற்றாத வண்டிக்குத்தான். அந்தப் பதிவில் தினப்படி ஓட்டவும் முடியாது.

எனக்கு இதில் ஒரே ஒரு அளவுகோல்தான்: ஸ்பேனரால் திரும்பக் கழற்ற முடிந்தால் செய்யலாம், கிரைண்டர் தேவைப்பட்டால் வேண்டாம். எலக்ட்ரிக் ஃபேன், முன் டிஸ்க் பிரேக், நல்ல ஹெட்லைட் எல்லாம் முதல் வகை. ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் இந்த முன் அமைப்புக்குப் பொருந்தும், இங்கிலாந்தில் இன்றும் உதிரிபாகம் கிடைக்கிறது. கூரையை அறுப்பது இரண்டாம் வகை. அதில் என்னை வருத்துவது இதுதான்: ஹெரால்டின் கூரையே போல்ட் போட்டு மாட்டியது. கழற்றி வைத்திருக்கலாம். பாய் இதைச் சொன்ன அன்று நண்பன் வெகுநேரம் பேசவில்லை, அறுத்த விளிம்பைக் கையால் தடவிக்கொண்டே நின்றான்.

மாமா வண்டிக்கு அடுத்த வாரம் எலக்ட்ரிக் ஃபேன் ஏறுகிறது. பழைய விசிறியைத் துடைத்து, எண்ணெய் தடவி, போல்ட்டுகளோடு துணியில் சுற்றி டிக்கியில் வைத்தாயிற்று.