மண் சரிந்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் மறுக்கப்படுகிறதா? சர்வேயர் அறிக்கையில் ‘காரணம்’ என்ற வரியைப் படியுங்கள்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதை சரிந்து போக்குவரத்து நின்றது பலருக்கும் நினைவிருக்கும். அப்படி ஒரு மழைக்குப் பிறகு ஏற்காடு இருக்கும் சேலம் சேர்வராயன் மலையில் வீடு வைத்திருப்பவர்கள் கிளைம் போட்டால், ஏமாற்றம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர், அதற்கு என்ன காரணம் என்று எழுதும் வரி அது.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கான பொது பாலிசி ‘பாரத் கிருஹ ரக்ஷா’. எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் அடிப்படை விதிகள் ஒன்றுதான். புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு எல்லாம் இதில் அடங்கும். தடுப்புச்சுவரும் காம்பவுண்டுச் சுவரும் வீட்டுக் கட்டடத்தோடு சேர்ந்தவை. ஆனால் நிலச்சரிவுப் பிரிவிலேயே விலக்குகளும் இருக்கின்றன: புதுக் கட்டடம் இயல்பாக இறங்குவதால் வரும் விரிசல், கொட்டி நிரப்பிய மண் நகர்வது, வடிவமைப்பிலோ வேலையிலோ பொருளிலோ உள்ள குறை, பக்கத்தில் தோண்டியதால் வந்த சேதம்.

மலையில் சரிவை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணை மறுபக்கம் நிரப்பித்தான் பெரும்பாலான வீடுகளுக்குத் தளம் எடுக்கிறார்கள். அதனால் ‘நிரப்பு மண் இறங்கியதால் சேதம்’, ‘தடுப்புச்சுவரில் தண்ணீர் வடியத் துளை இல்லை, கட்டுமானக் குறை’ என்று எழுதுவது மிக எளிது. சில வீடுகளில் அது உண்மையும்கூட. உண்மையா, கிளைமைத் தட்டிக்கழிக்கும் வரியா என்பதைச் சுவரையும் சரிவையும் பார்த்தே சொல்லலாம்.

பழைய விரிசலின் விளிம்பு மழுங்கியிருக்கும். உள்ளே தூசி, ஒட்டடை, சில சமயம் முன்பு அடித்த சுண்ணாம்பே இறங்கியிருக்கும். புது விரிசலின் விளிம்பு கூர்மையாக, உள்பக்கம் வெளிறி இருக்கும். மேலிருந்து மண் வந்து மோதியிருந்தால் சுவர் உள்நோக்கித் தள்ளியிருக்கும், சேற்றுக்கோடு சுவரில் நிற்கும், வீட்டுக்கு மேலே தரையில் பிறை வடிவில் வெடிப்பு ஓடும், சரிவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள் சாய்ந்திருக்கும். சேற்றை அள்ளும் முன்பே இவற்றையெல்லாம் படம் எடுத்துவிடுங்கள். விரிசலுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுங்கள். வீட்டை மட்டும் எடுத்துவிட்டு மேல் சரிவை விட்டுவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. சாட்சி இருப்பது மேலேதான்.

அதே நாளில் மின்னஞ்சலில் தகவல் கொடுத்து கிளைம் எண் வாங்குங்கள். விஏஓ பார்வையிட்டதற்கான சான்றிதழும், மாவட்ட நிர்வாகம் ஏற்காடு, ஓமலூர், மேட்டூர் என்று ஊர்வாரியாக வெளியிடும் அன்றைய மழையளவும் கையில் இருக்கட்டும். மேலும் சரியாமல் தார்ப்பாய் போடுவது, முட்டுக் கொடுப்பது உங்கள் கடமை. அந்த பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பொறியாளர் கட்டணத்துக்குக் கிளைம் தொகையில் 5%, இடிபாடு அகற்ற 2% வரை பாலிசியிலேயே இடமுண்டு. யாரும் தாமாக முன்வந்து இதைச் சொல்வதில்லை.

சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிரப்பு மண் என்று எழுதியிருந்தால், எத்தனை அடி ஆழம், எங்கே குழி தோண்டிப் பார்த்தார் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அது வெறும் ஊகம். விலக்கு பொருந்துகிறது என்று நிரூபிக்க வேண்டியது கம்பெனி. உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொன்னது இது. சர்வேயர் அறிக்கையே முடிந்த முடிவு இல்லை என்றும் 2009-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதிவு பெற்ற சிவில் பொறியாளர் ஒருவரிடம் எதிர் அறிக்கை வாங்கி இணைத்தால் பேச்சே மாறும்.

அடுத்து, தொகையில் கைவைப்பது. 30 லட்சம் மதிப்புள்ள வீட்டை 20 லட்சத்துக்குத்தான் காப்பீடு செய்தீர்கள், அதனால் 3 லட்சம் சேதத்துக்கு 2 லட்சம்தான் என்று கணக்குப் போடுவார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் கழிவுக்கு இடமே இல்லை. வேறு பெயரிலுள்ள பாலிசியில் இருக்கலாம். வீட்டுக் கடனோடு வங்கி எடுத்த பாலிசி என்றால், எந்தப் பாலிசி என்பதே பலருக்குத் தெரியாது. இன்றே வங்கியில் நகல் கேளுங்கள்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டிலேயே வெள்ளிக் கொலுசு வேலை செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை: தொழில் சரக்கு வீட்டுப் பாலிசியில் வராது. அதை மறுத்தால் அநியாயம் இல்லை. அதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

இழுத்தடிப்பையும் அடையாளம் காணலாம். 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தகவல் சொன்ன 24 மணி நேரத்தில் சர்வேயர், 15 நாளில் அறிக்கை, அது வந்த 7 நாளில் முடிவு. வாரத்துக்கு ஓர் ஆவணமாகக் கேட்டுக்கொண்டே போனால், தேவையான எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகத் தரும்படி எழுதுங்கள். “கிடைக்காதுங்க” என்று போனில் சொன்னால், காரணத்தோடு கடிதம் கேளுங்கள். கடிதத்தில் இல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது.

‘முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்’ என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். அதே நாளில் மின்னஞ்சலிலும் ஆட்சேபத்தைப் பதியுங்கள். வெறுமனே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். அந்த வவுச்சரைக் காட்டி உங்கள் வழக்குரிமையைத் தடுக்கக்கூடாது என்று ஐஆர்டிஏஐ 2015-இலேயே கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது.

முறையீட்டை முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். கூடவே ஐஆர்டிஏஐ-யின் புகார்த் தளமான பீமா பரோசாவிலோ 155255 என்ற எண்ணிலோ பதியுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். கட்டணமும் வக்கீலும் தேவையில்லை. ஆனால் கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். அவர் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. பிடிக்காவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், அதற்குக் காலக்கெடு 2 ஆண்டு. நுகர்வோர் வழக்கை முதலில் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்கமாட்டார். எனவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்.