பியானோ ஆரம்பிச்சு ஆறு வருஷம், அதுல ரெண்டு வருஷம் கை வலி

37 வயசுல பியானோ ஆரம்பிச்சேன், அதுக்கு முன்னாடி ஆர்மோனியப் பெட்டியக்கூட தொட்டதில்ல. இப்ப 43. மொத ரெண்டு வருஷமும் வலது முழங்கைக்குக் கீழ ஒரு இழுவை இருந்துட்டே இருக்கும், காலைல பைக் ஆக்சிலேட்டர் முறுக்கினா சுருக்குனு பிடிக்கும். வயசாயிடுச்சு, இது நமக்கு ஒத்து வராதுன்னுதான் நெனச்சேன்.

மொத வாத்தியார் புறங்கைல ஒரு ரூபா காயின் வச்சு, அது விழாம ஸ்கேல் (ஸ்வரம் வரிசையா ஏறி இறங்கறது) வாசிக்கச் சொல்லுவார். கை அசையவே கூடாது, விரல் மட்டும்தான் வேலை செய்யணும். கூடவே ஹானோன்னு ஒரு விரல் பயிற்சி புக், ஒவ்வொரு விரலையும் நல்லா உயரத் தூக்கித் தூக்கி (1873ல வந்த புக்குங்க அது, இன்னும் விட மாட்டேங்கறாங்க). வலிக்குது சார்னா, வலிச்சாதான் விரல் தேறும்பார். விரலுக்குன்னு கருவியெல்லாம் மாட்டிப் பழகின ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமனுக்கே வலதுகை விரல் ஒத்துழைக்காம போய் பியானிஸ்ட் ஆகற ஆசையே போச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது, தெரிஞ்சிருந்தா கேட்டிருப்பேன்.

அப்புறம் மாறிப் போன டீச்சர், நியூயார்க்ல டோரதி டாப்மன்னு ஒரு அம்மா உருவாக்கின முறைய வச்சு சொல்லித் தர்றவங்க. மொத கிளாஸ்ல பாட்டே இல்ல. ஒரு கீய அழுத்திப் புடிச்சுக்கங்க, இன்னொரு கையால முன்கை சதையத் தொட்டுப் பாருங்கன்னாங்க. தொட்டா கல்லு மாதிரி இருக்கு! ஒரு கீ மொத்தமே சுமார் 10 மில்லிமீட்டர்தான் இறங்கும், அது அடிக்குப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே உள்ள இருக்கற ஹாமர் (சின்ன சுத்தியல்) நம்ம பிடிய விட்டுத் தனியாப் போய் கம்பிய அடிச்சிடும், அதுக்கப்புறம் தலைகீழா நின்னு அழுத்தினாலும் சத்தம் மாறாது. நான் ரெண்டு வருஷமா ஒவ்வொரு நோட்டுக்கும் அடில போய் மிதிச்சிட்டு உக்காந்திருந்திருக்கேன். கீ விழுந்த உடனே, அது மேல வராம இருக்கற அளவு வெயிட் மட்டும் விட்டுட்டு மத்தத தளர விடணும், அவ்ளோதான். சொல்றது ஈஸி, எனக்கு இது பழக்கமாக நாலு மாசம் ஆச்சு.

அடுத்தது ரொட்டேஷன். மோசார்ட்டோட கே 545ங்கற சொனாட்டா, அதோட மொத மூவ்மென்ட்ல இடதுகை ஆரம்பத்துலயே ஸ-ப-க-ப மாதிரி போகும், விரல் 5-1-3-1 (கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5). இத விரலத் தூக்கி வாசிச்சா ஒரு பக்கம் முடியறதுக்குள்ள கை ஓஞ்சிடும். பூட்டுல சாவிய இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்புற மாதிரி முன்கைய சுண்டுவிரல் பக்கம், கட்டைவிரல் பக்கம்னு திருப்பினா விரல் தானா போய் விழுது. மொதல்ல வேணும்னே பெருசா திருப்பி ஸ்லோவா பழகணும், வேகம் கூடக்கூட அது கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதாயிடும். நான் பெருசா திருப்பறதுலயே நின்னுட்டேன், பாக்கறவங்களுக்கு ரொட்டிக்கு மாவு பெசையற மாதிரி இருந்திருக்கும். யூடியூப் பாத்து மட்டும் இத கத்துக்காதீங்க, ஒருத்தர் பக்கத்துல உக்காந்து மணிக்கட்டத் தொட்டு சரி பண்ணணும்.

இன்னொண்ணு, ஸ்டூல். சாப்பாட்டு டேபிள் சேர்ல தலகாணி போட்டு ஒப்பேத்திட்டிருந்தேன். முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வரணும், சேர்ல பாதிதான் உக்காரணும், பாதம் ரெண்டும் தரைல பதியணும். ஏத்தி இறக்கற பெஞ்ச் வாங்கினதுதான் ஆறு வருஷத்துல நான் செஞ்ச உருப்படியான செலவு.

ராத்திரி டிஜிட்டல் பியானோல ஹெட்ஃபோன் மாட்டிப் பழகறவங்க வால்யூம ரொம்பக் குறைக்காதீங்க. காதுக்குக் கேக்கலன்னு கை தானா ஓங்கி அடிக்குது, மறுநாள் கிளாஸ்ல அக்குஸ்டிக்ல (கம்பி வச்ச நிஜ பியானோ) உக்காந்தா ஊரே கேக்கற மாதிரி அடிக்கறேன்.

பிராக்டிஸ் நேரமும் மாறிடுச்சு. முன்னாடி ஞாயித்துக்கிழமை மூணு மணி நேரம் ஒரே மூச்சா, மத்த நாள் சைபர். இப்ப காலைல 20 நிமிஷம், ராத்திரி 20 நிமிஷம், மொபைல்ல டைமர். நாலே நாலு பார் (தாளக் கட்டம்) எடுத்துப்பேன், தப்பு வந்தா மேல ஓட மாட்டேன், எந்த நோட்டுல கை இறுகுதுன்னு தேடுவேன், பாதி நேரம் தப்புக்கு முந்தின நோட்டுலதான் விஷயம் இருக்கும். வாரம் ஒரு தடவ போனப் பக்கவாட்டுல வச்சு வீடியோ எடுப்பேன். ஸ்கேல் ரன் வந்தா ரெண்டு தோள்பட்டையும் காதுகிட்ட ஏறுது, வாசிக்கறப்ப சத்தியமா தெரியல.

வலி போச்சான்னா, போச்சு. கடைசியா எப்ப வலிச்சுதுன்னு ஞாபகம் இல்ல. வேகம் மட்டும் பெருசா வரல, அதே மோசார்ட்ல 5ஆவது பார்ல வர்ற ரன் இன்னும் நடந்துதான் போகுது, ஓடல. உங்களுக்கு ஏற்கெனவே மரத்துப் போறது, ராத்திரி வலில முழிப்பு வர்றதுன்னு இருந்தா மொதல்ல டாக்டரப் பாருங்க, டீச்சர் அப்புறம்.

இப்ப பழைய அப்ரைட் பியானோ (செங்குத்தா நிக்கற வகை) ஒண்ணு விலைக்கு வருது. ரெண்டு மாடி ஏத்தணும், லிஃப்ட் கிடையாது, படி திரும்பற எடத்த நேத்து டேப் வச்சு அளந்து பாத்தேன், நாலு விரக்கடை இடிக்குது.